‘நம்மவர்’ என்று மட்டும் சொன்ன கிராமம்

2018 ஜூன் 17, ஞாயிற்றுக்கிழமை. கிரீஸ் நாட்டின் வடமேற்கு மூலையில், பிரெஸ்பா ஏரியின் ஒரு குடாவுக்குள் ஒதுங்கியிருக்கும் ப்சராதெஸ் என்ற மீனவர் கிராமத்துக்கு அன்று காலை பெரிய மனிதர்கள் வந்தார்கள். ஏரியின் எதிர்க்கரையிலிருந்து படகில் வந்து இறங்கினார், இன்று வடக்கு மாசிடோனியா எனப்படும் அண்டை நாட்டின் பிரதமர் சோரான் சாயெவ். கிரீஸ் பிரதமர் அலெக்சிஸ் சிப்ராஸ் அவரைக் கட்டித் தழுவி வரவேற்றார். இருவரும் பார்த்திருக்க, வெளியுறவு அமைச்சர்கள் நிகோலா திமித்ரோவும் நிகோஸ் கோட்சியாஸும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ‘மாசிடோனியா’ என்ற ஒற்றைச் சொல் யாருக்குச் சொந்தம் என்று 27 ஆண்டுகளாக நடந்த வழக்கு அந்தக் கையெழுத்தில் முடிந்தது. 1990களிலிருந்தே சமரசத்துக்காக அலைந்த அமெரிக்க ராஜதந்திரி மேத்யூ நிமெட்ஸுக்கு அன்றுதான் 79 வயது நிறைந்தது.

அதே நேரம் ஏரிக்கு வரும் மலைப்பாதையில், பிசோதெரி என்ற ஊரருகே, ஒப்பந்தத்தை எதிர்த்துத் திரண்ட கூட்டத்தின் மீது போலீசார் கண்ணீர்ப்புகைக் குண்டு வீசிக்கொண்டிருந்தார்கள்.

‘ப்சராதெஸ்’ என்றால் கிரேக்க மொழியில் மீனவர்கள். அந்தப் பெயருக்குச் சுமார் நூறு வயதுதான். அதற்கு முன் ஊரின் பெயர் நிவிட்சி. கல் வீடுகள், தட்டையான அடிப்பாகம் கொண்ட மரப் படகுகள், தெருவில் சாவகாசமாக நடக்கும் குள்ளமான நாட்டு மாடுகள் என்று இருக்கும் இந்தச் சிற்றூரின் முதியவர்களுக்கு இரண்டு மொழிகள் தெரியும். பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் கிரேக்கம். வீட்டுக்குள் வேறொன்று. அந்த வேறொன்றின் பெயர் என்ன என்று கேட்டால், அந்த மொழியிலேயே பழைய பதில் ஒன்று உண்டு: ‘போ நாஷே’. நம்ம பேச்சு, அவ்வளவுதான். கிரேக்கத்தில் கேட்டால் ‘தோப்பியா’, அதாவது உள்ளூர்ப் பேச்சு.

மொழியியலாளர்கள் அதைத் தென் ஸ்லாவிய மொழிக் குடும்பத்தில் வைக்கிறார்கள். சோஃபியாவில் கேட்டால் அது பல்கேரிய மொழியின் வட்டார வழக்கு. வடக்கு மாசிடோனியத் தலைநகர் ஸ்கோப்யேயில் கேட்டால் மாசிடோனிய மொழி. பெல்கிரேடு ஒரு காலத்தில் செர்பிய மொழி என்றது. ஏதென்ஸ் அதற்குப் பெயர் வைப்பதையே நெடுநாள் தவிர்த்தது. பேசியவர்களோ தங்களை ‘நாஷி’, ‘துகாஷ்னி’ என்றார்கள். நம்மவர்கள், இந்த ஊர்க்காரர்கள். அந்தப் பதில் போதாது என்று வெளியிலிருந்து வந்த ஒவ்வொருவரும் சொன்னார்கள். அதற்காக இந்த ஏரிக்கரைக் கிராமங்கள் கொடுத்த விலை பெரியது.

கல்லில் ஒரு பேரரசன்

பிரெஸ்பா என்பது இரண்டு ஏரிகள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர் உயரத்தில், மலைகள் சூழ்ந்து கிடக்கின்றன. பெரிய ஏரியை கிரீஸ், அல்பேனியா, வடக்கு மாசிடோனியா மூன்றும் பங்கிட்டிருக்கின்றன. மூன்று எல்லைகளும் சந்திக்கும் இடம் நட்டநடுத் தண்ணீரில் இருக்கிறது. சிறிய ஏரியின் பெரும்பகுதி கிரீஸுக்குள். ஒரு முனை மட்டும் அல்பேனியாவுக்குள் நீள்கிறது.

பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் இந்த ஏரிகள் ஒரு பேரரசின் மையமாக இருந்தன. பேரரசர் சாமுவேல், பைசாந்தியத்தின் லாரிசா நகரைக் கைப்பற்றியதும், அங்கிருந்து புனித அகில்லியோஸின் எலும்புகளைக் கொண்டுவந்து சிறிய ஏரியின் தீவொன்றில் பெரிய தேவாலயம் எழுப்பினார். அதன் இடிபாடுகள் இன்றும் நிற்கின்றன. அருகிலுள்ள கெர்மான் கிராமத்தின் தேவாலயத்தில் 1888இல் ஒரு கல்வெட்டு கிடைத்தது. தந்தை நிக்கோலா, தாய், சகோதரன் தாவீது ஆகியோரின் நினைவாகச் சாமுவேல் வைத்த கல் அது. காலம் 992–993. தேதியோடு கிடைத்த மிகப் பழைய சிரில்லிக் எழுத்துப் பொறிப்புகளில் ஒன்று.

இந்தச் சாமுவேல் யாருடைய மன்னர்? பல்கேரியர்களுக்கு அவர் பல்கேரியப் பேரரசர். 2015இல் சோஃபியாவில் சிலை வைத்தார்கள். மாசிடோனியர்களுக்கு அவர் தங்கள் முதல் அரசின் தலைவர். ஸ்கோப்யேயின் நடுவிலும் அவருக்குச் சிலை உண்டு. கிரேக்கப் பள்ளிப் புத்தகத்தில் நாயகன் எதிர்ப்பக்கத்தவர்: 1014இல் சாமுவேலின் படையைத் தோற்கடித்து, பிடிபட்டவர்களின் கண்களைப் பிடுங்கியதாகச் சொல்லப்படும் பைசாந்தியப் பேரரசர் இரண்டாம் பேசில்.

ஹென்றி பிரெய்ல்ஸ்ஃபோர்ட் என்ற ஆங்கிலேயப் பத்திரிகையாளர் 1903–04 குளிர்காலத்தில் நிவாரணப் பணிக்காக இந்தப் பகுதிக்கு வந்தார். பிரெஸ்பாவிலிருந்து ஒரே ஒரு மலை தாண்டினால் வரும் ஓஹ்ரித் ஊரில், சாமுவேலின் கோட்டையைக் காட்டி மலைக் கிராமத்துச் சிறுவர்கள் சிலரிடம் இதைக் கட்டியது யார் என்று கேட்டார். சுதந்திர மனிதர்கள் என்றார்கள் சிறுவர்கள். அவர்கள் யார்? எங்கள் தாத்தாக்கள். செர்பியர்களா, பல்கேரியர்களா, கிரேக்கர்களா, துருக்கியர்களா? துருக்கியர்கள் இல்லை, கிறிஸ்தவர்கள். அந்தச் சிறுவர்களின் ஊரில் பள்ளி ஆசிரியரும் இல்லை, குடியிருக்கும் பாதிரியாரும் இல்லை. அதனால் ‘சரியான’ பதிலை அவர்களுக்கு இன்னும் யாரும் கற்றுத்தரவில்லை.

பாதிரியார் யாரோ, இனம் அதுவே

ஐந்நூறு ஆண்டு ஒட்டோமான் ஆட்சியில் குடிமக்களை அரசு மதத்தின்படிதான் பிரித்தது. ஒவ்வொரு பிரிவுக்கும் ‘மில்லத்’ என்று பெயர். காயிதே மில்லத் என்ற பட்டத்தில் தமிழர் அறிந்திருக்கும் அதே சொல்தான். கிரேக்கம் பேசினாலும் ஸ்லாவியம் பேசினாலும், அல்பேனிய மொழியோ விலாக் மொழியோ பேசினாலும், ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர் எல்லாரும் ‘ரூம் மில்லத்’. அவர்களுக்குத் தலைவர் கான்ஸ்டாண்டிநோபிளில் இருந்த பேட்ரியார்க். வழிபாட்டு மொழி கிரேக்கம். நிவிட்சியின் மீனவருக்கு இதில் சங்கடம் ஏதும் இல்லை. அவர் கிறிஸ்தவர், இந்த ஊர்க்காரர், வரி கட்டுபவர்.

1870இல் நிலைமை மாறியது. பல்கேரியர்களுக்கெனத் தனித் திருச்சபை ஒன்றை சுல்தான் அனுமதித்தார். அதன் பெயர் எக்ஸார்க்கேட். அந்த ஆணையின் 10ஆவது பிரிவில் ஒரு விதி இருந்தது: மற்ற ஊர்களிலும் மக்களில் மூன்றில் இரண்டு பங்கினர் விரும்பினால் எக்ஸார்க்கேட்டுக்கு மாறிக்கொள்ளலாம். இரண்டே ஆண்டில் பேட்ரியார்க் புதிய திருச்சபையைப் பிளவுவாதிகள் என்று விலக்கிவைத்தார். கிராமம் கிராமமாகத் தலை எண்ணும் போட்டி தொடங்கியது. பேட்ரியார்க்கோடு இருந்தால் கிரேக்கர், எக்ஸார்க்கேட்டுக்குப் போனால் பல்கேரியர். அண்ணன் ஒரு கோயிலுக்கும் தம்பி மறு கோயிலுக்கும் போன வீடுகளில், ஒரே அடுப்பங்கரையில் இரண்டு ‘இனங்கள்’ பிறந்தன.

மொனாஸ்டிர் நகரச் சந்தைக்கு வந்த வசதியான விவசாயி ஒருவரிடம் உங்கள் ஊர் கிரேக்க ஊரா, பல்கேரிய ஊரா என்று பிரெய்ல்ஸ்ஃபோர்ட் கேட்டார். இப்போது பல்கேரிய ஊர், நான்கு வருடத்துக்கு முன்பு கிரேக்க ஊராக இருந்தது என்றார் அவர். காரணத்தையும் ஒளிக்காமல் சொன்னார். கிரேக்க ஆசிரியருக்கு ஊர் பாதிச் சம்பளம் தர வேண்டியிருந்தது. பாதிரியாரோ பல ஊர்களுக்குப் பொது, ஒழுங்காக வருவதும் இல்லை. பிஷப்பிடம் முறையிட்டும் பலனில்லை. செய்தி எட்டியதும் பல்கேரியத் தரப்பு வந்தது. ஊரிலேயே தங்கும் பாதிரியாரும் இலவச ஆசிரியரும் தருவதாகச் சொன்னது. ஏழை ஊர், மாறிவிட்டார்கள்.

இந்த விவசாயியைக் கொள்கையற்றவர் என்று படிக்கத் தோன்றலாம். அது அநியாயம். பிள்ளைக்குப் படிப்பும் செத்தவருக்குச் சரியான அடக்கமும் வேண்டும் என்பது அவர் கொள்கை. தேசம் என்ற புதுச் சரக்கு அந்த இரண்டையும் தன்னோடு சேர்த்துக் கட்டி விற்றது.

எண்ணிக்கை என்ற ஆயுதம்

1889இல் செர்பியத் தரப்பில் எழுதிய ஸ்பிரிதோன் கோப்செவிச், மாசிடோனியாவில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட செர்பியர்கள் வாழ்வதாகக் கணக்குக் காட்டினார். பல்கேரியர் 60,000கூட இல்லை. 1900இல் பல்கேரிய ஆய்வாளர் வசில் கான்சோவ் வெளியிட்ட கணக்கில் பல்கேரியர் ஏறக்குறைய 11.8 லட்சம், கிரேக்கர் 2.3 லட்சம், செர்பியர் வெறும் 700. 1904இன் கிரேக்கக் கணக்கில் கிரேக்கர் 6.5 லட்சம், பல்கேரியர் 3.3 லட்சம், செர்பியர் இனமே காணோம். பால்கன் போர்களை விசாரித்த கார்னகி ஆணையத்தின் 1914 அறிக்கை இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அச்சிட்டது. மூன்றும் ஏறத்தாழ ஒரே மண்ணின், ஒரே மக்களைப் பற்றியவை.

எல்லாமே முழுப் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. ஒவ்வொருவரும் தனக்குச் சாதகமான அளவுகோலை எடுத்துக்கொண்டார்கள். பல்கேரியர் பேச்சு மொழியைப் பார்த்தார்கள். கிரேக்கர் எந்தத் திருச்சபை, எந்தப் பள்ளி, மனம் எந்தப் பக்கம் என்று பார்த்தார்கள். வீட்டில் ஸ்லாவியம் பேசினாலும் உணர்வால் கிரேக்கர் என்றார்கள். செர்பியர் குடும்பத்துப் புரவலர் புனிதரைக் கொண்டாடும் ‘ஸ்லாவா’ திருநாளைக் காட்டி, இது எங்கள் வழக்கம் என்றார்கள். நிவிட்சி போன்ற ஊரின் ஒரே குடும்பத்தை மூன்று கோல்களாலும் அளந்து மூன்று விடை பெறலாம்.

எண்ணுவதோடு நின்றிருந்தால் இவ்வளவு துயரம் இல்லை. 1903 ஆகஸ்ட் 2 அன்று ஒட்டோமான் ஆட்சிக்கு எதிராக வெடித்த இலிந்தென் கிளர்ச்சியை அடக்கியபோது சுமார் 200 கிராமங்கள் எரிந்தன. அதற்குப் பின் மலைகளில் ஆயுதக் குழுக்கள் பெருகின. எக்ஸார்க்கேட் பக்கமிருந்த புரட்சிக் குழுவினர் பேட்ரியார்க் பக்கமிருந்த பாதிரியார்களையும் ஆசிரியர்களையும் கொன்றார்கள். 1905 ஏப்ரலில் கஸ்தோரியா அருகே ஸகோரிசானி என்ற எக்ஸார்க்கேட் கிராமத்தில் புகுந்த கிரேக்கக் குழு 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது.

அந்தக் காலத்தின் முடிச்சு முழுவதையும் தன் ஒரு வாழ்க்கையில் சுமந்தவர் கோட்டாஸ். பிரெஸ்பாவின் மலைகளை ஒட்டிய ரூலியா கிராமத்தவர். தாய்மொழி ஸ்லாவியம். முதலில் பல்கேரியச் சார்புப் புரட்சியாளர்களோடு சேர்ந்து துருக்கிய நிலப்பிரபுக்களை எதிர்த்தார். பின்னர் கஸ்தோரியாவின் கிரேக்கப் பேராயர் கெர்மனோஸ் கரவாங்கெலிஸ் அவரைக் கிரேக்கத் தரப்புக்கு இழுத்தார். 1904இல் ஏதென்ஸிலிருந்து வந்த இளம் அதிகாரி பாவ்லோஸ் மெலாஸுக்கு வழிகாட்டியாக இருந்தவர் இவர்தான். துருக்கியர் பிடித்து 1905இல் மொனாஸ்டிரில் தூக்கிலிட்டார்கள். கயிற்றின் கீழ் நின்று கிரீஸ் வாழ்க என்று அவர் முழங்கியதாகக் கிரேக்கர்கள் போற்றிச் சொல்கிறார்கள். முழங்கிய மொழி ஸ்லாவியம் என்பதையும் அந்தக் கதையே சொல்கிறது. இன்று ரூலியாவின் பெயர் கோட்டாஸ். மெலாஸ் உயிர்விட்ட ஸ்தாதிஸ்டா கிராமத்தின் பெயர் மெலாஸ்.

பெயர் மாற்றும் பேனா

1912–13 பால்கன் போர்களில் ஒட்டோமான்கள் வெளியேற, புக்காரெஸ்ட் உடன்படிக்கை மாசிடோனியாவைப் பங்கு போட்டது. பெரும்பகுதி கிரீஸுக்கும் செர்பியாவுக்கும், சிறு துண்டு பல்கேரியாவுக்கும் போயின. நிவிட்சி கிரீஸுக்குள் விழுந்தது. அதுவரை மீன் விற்கவும் பெண் எடுக்கவும் படகில் போய்வந்த அக்கரை, வேறு நாடாயிற்று.

1920களில் கிரீஸ் ஸ்லாவிய, துருக்கியப் பெயர் கொண்ட ஊர்களுக்கெல்லாம் புதுப் பெயர் சூட்டியது. நிவிட்சி ப்சராதெஸ் ஆனது. கெர்மான், ஆகியோஸ் கெர்மனோஸ் ஆனது. போப்லி, லெஃப்கோனாஸ். லாங்கா, மிக்ரோலிம்னி. ஒரோவோ, பிக்சோஸ். மனிதர்களின் பெயர்களும் தப்பவில்லை. ‘ஓவ்’, ‘ஸ்கி’ என்று முடிந்த குடும்பப் பெயர்களுக்குக் கிரேக்க வால் ஒட்டப்பட்டது. பாட்டன் ஒரு பெயரிலும் பேரன் ஒரு பெயரிலும் பதிவேட்டில் நின்றார்கள்.

நடுவில் ஒரு முறை கதவு லேசாகத் திறந்தது. சர்வதேச சங்கத்தின் சிறுபான்மையினர் கடமைகளை நிறைவேற்றுவதற்காக, 1925இல் கிரேக்க அரசே ஸ்லாவிய மொழியில் ‘அபெசெதார்’ என்ற அரிச்சுவடியை அச்சிட்டது. லத்தீன் எழுத்தில் இருந்த அந்த நூலைப் பல்கேரியா எதிர்த்தது. செர்பியத் தரப்பும் ஏற்கவில்லை, உள்நாட்டிலும் எதிர்ப்பு கிளம்பியது. புத்தகம் வகுப்பறையைப் பார்க்கவே இல்லை. ஏரிக்கரைக் குழந்தைகள் தங்கள் மொழியில் எழுதப் படிக்கக் கிடைத்த அந்த ஒரே அரசாங்க வாய்ப்பை, அந்த மொழிக்கு உரிமை கொண்டாடியவர்களும் அதை மறுத்தவர்களும் சேர்ந்தே மூடினார்கள்.

1936இல் மெத்தக்சாஸ் சர்வாதிகாரம் வந்ததும் பேச்சே குற்றமாயிற்று. தெருவிலோ வயலிலோ ‘நம்ம பேச்சு’ பேசிப் பிடிபட்டால் அபராதம், அடி, சில இடங்களில் வலுக்கட்டாயமாக விளக்கெண்ணெய். கிரேக்கம் தெரியாத பாட்டிகளுக்கு இரவுப் பள்ளி. பேரப்பிள்ளையைக் கொஞ்சத் தெரிந்த ஒரே மொழி சட்டவிரோதமான வீட்டில், வாய் திறக்காமல் இருப்பதே பாதுகாப்பு என்று ஒரு தலைமுறை கற்றுக்கொண்டது. இத்தனைக்கும் பிறகு, 1940இல் முசோலினியின் படை அல்பேனியா வழியாக வந்தபோது, இந்த ஊர்களின் இளைஞர்கள் கிரேக்கச் சீருடையில் நின்று போரிட்டார்கள்.

குழந்தைகள் நடந்த பாதை

உலகப் போரின் ஆக்கிரமிப்புக் காலத்தில் பல்கேரியச் சார்பு ஆயுதக் குழுக்கள் ஒருபுறமும், கம்யூனிஸ்டுகள் அமைத்த ஸ்லாவிய–மாசிடோனிய விடுதலை அணி மறுபுறமும் இதே வீடுகளில் ஆள் திரட்டின. 1946இல் கிரேக்க உள்நாட்டுப் போர் மூண்டது. யூகோஸ்லாவியாவையும் அல்பேனியாவையும் ஒட்டிய பிரெஸ்பா, கம்யூனிஸ்டு கெரில்லாக்களின் ‘ஜனநாயகப் படை’க்குப் பின்வாசலாயிற்று. விரோந்தெரோ கிராமத்தின் அருகே ஒரு குகையையே மருத்துவமனையாக்கினார்கள். கெரில்லாக்களின் பகுதிகளில் ‘நம்ம பேச்சில்’ பள்ளிகள் நடந்தன. ஸ்லாவிய மொழி பேசியவர்கள் அந்தப் படையில் பெருந்தொகையாகச் சேர்ந்ததற்கு அந்தப் பள்ளிகளும் ஒரு காரணம். கட்டாயமாக இழுத்துச் செல்லப்பட்டவர்களும் உண்டு.

1948 மார்ச்சில், குண்டுவீச்சிலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி, கெரில்லாக்கள் தங்கள் கட்டுப்பாட்டிலிருந்த ஊர்களின் குழந்தைகளை எல்லை கடத்தத் தொடங்கினார்கள். எல்லாப் பகுதிகளிலுமாகச் சுமார் 28,000 குழந்தைகள். ஊர்ப் பெண்களில் சிலர் ‘தாய்மார்’ என்று நியமிக்கப்பட்டு, ஆளுக்கு இருபது சொச்சம் பிள்ளைகளை மேய்த்துக்கொண்டு இரவில் மலையேறினார்கள். யூகோஸ்லாவியா, ருமேனியா, ஹங்கேரி, செக்கோஸ்லோவாக்கியா, போலந்து என்று விடுதிகளுக்குப் பிரிந்து போனார்கள். அரசுத் தரப்பிலும் ராணி ஃப்ரெடரிக்காவின் பெயரால் நடந்த ‘குழந்தை நகர’ங்களுக்கு ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கொண்டுபோகப்பட்டார்கள். காப்பாற்றினோம் என்றது ஒரு தரப்பு, கடத்தினார்கள் என்றது மறு தரப்பு. கிரேக்கர், மாசிடோனியர் இருவரின் நினைவிலும் இன்றுவரை ஆறாத இடம் இது.

1949 ஆகஸ்ட் நடுவில் வீட்சி மலை அரணை அரசுப் படை உடைத்தது. இரண்டு பிரெஸ்பா ஏரிகளுக்கும் நடுவே, ப்சராதெஸுக்குப் போகும் வழியில், ஒடுங்கிய மணல்திட்டு ஒன்று உண்டு. தோற்ற படையும் ஊர்க்காரர்களும் விமானத் தாக்குதலின் கீழ் அந்த வழியாகத்தான் அல்பேனியாவுக்கு ஓடினார்கள். மாத முடிவில் போர் முடிந்தது. ஒரோவோ போன்ற சில கிராமங்களில் மறுபடி அடுப்பே எரியவில்லை. ஆளில்லா வீடுகள் சிலவற்றில் 1950களில் விலாக் இடையர்களை அரசு குடியேற்றியது. பகுதி முழுவதும் கண்காணிப்பு மண்டலமாகி, வெளியூர்க்காரர் வர அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது.

போனவர்களின் குடியுரிமை பறிபோனது, நிலமும் போனது. தாஷ்கந்திலும் போலந்திலும் வளர்ந்தவர்கள் பிறகு ஸ்கோப்யே, டொராண்டோ, மெல்போர்ன், பெர்த் என்று சிதறினார்கள். 1982 டிசம்பரில் கிரீஸின் சோஷலிச அரசு ஒரு பெருந்தன்மையான முடிவெடுத்தது: உள்நாட்டுப் போர் அகதிகள் எல்லாரும் தாராளமாகத் திரும்பலாம். ஆனால் அந்த ஆணையில் ஒரு சிறு சொற்றொடர் இருந்தது. ‘கிரேக்க வம்சத்தவர்’ மட்டும். தன்னை மாசிடோனியன் என்று சொல்லிக்கொண்டவருக்குக் கதவு திறக்கவில்லை. பாஸ்போர்ட்டில் பிறந்த ஊர் பழைய பெயரில் எழுதப்பட்டிருந்ததற்காக, தாய்க்குக் காரியம் செய்ய வந்தவர்கள்கூட எல்லையில் நிறுத்தப்பட்ட காலம் இருந்தது. ‘நிவிட்சி’ என்று எழுதியிருந்தால் போக முடியாத ஊருக்கு, ‘ப்சராதெஸ்’ என்று எழுதியிருந்தால் போகலாம்.

புலம்பெயர்ந்த இடத்திலும் கேள்வி விடவில்லை. ஆஸ்திரேலியாவில் ஆய்வு செய்த அமெரிக்க மானுடவியலாளர் லோரிங் டான்ஃபோர்த், ஒரே குடும்பத்தில் பிறந்தவர்களில் ஒருவர் கிரேக்கராகவும் ஒருவர் மாசிடோனியராகவும் வாழ்வதைப் பதிவு செய்தார். இருவரும் பொய் சொல்லவில்லை. இருவரும் மனதாரச் சொல்கிறார்கள். ப்சராதெஸ் வட்டாரத்திலும் அப்படித்தான். நாங்கள் கிரேக்கர்களே, பேச்சு மட்டும் வேறு என்று உறுதியாகச் சொல்லும் குடும்பங்கள் நிறைய உண்டு. அந்த உறுதியைப் பயத்தின் விளைவு என்று ஸ்கோப்யே தள்ளிவிடுவதும், மாசிடோனியர் என்பவரைச் சதிகாரர் என்று ஏதென்ஸ் பார்த்ததும் ஒரே தவறின் இரு பக்கங்கள். உன்னைப் பற்றி உன்னைவிட எனக்குத்தான் தெரியும் என்ற தவறு அது.

ஒரே ஏரி, நான்கு சீட்டுகள்

ப்சராதெஸிலிருந்து ஏரியின் மேற்குக் கரையைப் பார்த்தால் அல்பேனியா. அங்கே புஸ்டெக் வட்டாரத்தில் ஒன்பது கிராமங்களில் இதே பேச்சுதான். கம்யூனிஸ்டு அல்பேனியா அவர்களை மாசிடோனியச் சிறுபான்மையினர் என்று ஏற்று, தொடக்க வகுப்புகளில் அவர்கள் மொழியையும் அனுமதித்தது. ஆனால் 1973இல் புஸ்டெக்கின் பெயரை லிக்கெனாஸ் என்று அல்பேனியமாக்கியது. 2013இல் பழைய பெயர் திரும்பியது. 2017இல் அல்பேனியா இயற்றிய சிறுபான்மையினர் சட்டத்தில் பல்கேரியரும் ஓர் இனமாகச் சேர்க்கப்பட, அதே கிராமங்களை இப்போது சோஃபியாவும் தன்னவர் என்கிறது. பல்கேரிய வம்சம் என்று காட்டுபவருக்கு ஐரோப்பிய ஒன்றிய பாஸ்போர்ட்டும் கிடைக்கும்.

ஆக, ஒரே ஏரியில் மீன் பிடித்தவர்களின் பேரப்பிள்ளைகள் வடகரையில் மாசிடோனியர், மேற்கில் மாசிடோனியச் சிறுபான்மையினர் அல்லது பல்கேரியர், தென்கரையில் கிரேக்கர் அல்லது ‘உள்ளூர்க்காரர்’.

2018 ஒப்பந்தம் இந்தச் சிக்கலில் ஒரு பெரிய முடிச்சை அவிழ்த்தது உண்மை. வடக்கு நாடு ‘வடக்கு மாசிடோனியா’ ஆனது. ஒப்பந்தத்தின் 7ஆவது பிரிவில், ‘மாசிடோனியா’ என்ற சொல்லுக்கு இரு நாடுகளும் வெவ்வேறு வரலாற்றுப் பொருள் கொள்கின்றன என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். கிரேக்கருக்கு அது அலெக்சாண்டரின் மரபு, தங்கள் வடமாநிலம். அண்டை நாட்டாருக்கு அது தங்கள் நாடு, மொழி, மக்கள். அங்கே பேசப்படும் மாசிடோனிய மொழி தென் ஸ்லாவியக் குடும்பத்தைச் சேர்ந்தது என்றும் எழுதினார்கள். பழங்காலப் பெருமையை எவர் மடியிலிருந்தும் பிடுங்காமல், வாழும் மக்களுக்குப் பெயர் தந்த வாசகங்கள் இவை. 2019 ஜனவரி 25 அன்று 300 உறுப்பினர் கொண்ட கிரேக்க நாடாளுமன்றத்தில் 153 பேர் ஆதரித்து அது நிறைவேறியது. இந்த ஒப்பந்தத்துக்காகவே இரு பிரதமர்களும் சொந்த நாட்டில் துரோகி என்ற பழியைக் கேட்டார்கள்.

ஆனால் அந்தப் பக்கங்களில் ப்சராதெஸ் முதியவர்களின் வீட்டுப் பேச்சைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கிரீஸுக்குள் மாசிடோனியச் சிறுபான்மை என்று ஒன்றை ஏதென்ஸ் ஏற்கவில்லை. 2020இல் பல்கேரியா, மாசிடோனிய மொழியும் வரலாறும் தங்களுடையவற்றின் கிளை என்று கூறி, வடக்கு மாசிடோனியாவின் ஐரோப்பிய ஒன்றியப் பேச்சுவார்த்தையைத் தடுத்தது.

ஏரியோ அதன் போக்கில் வற்றிவருகிறது. 1984க்கும் 2020க்கும் இடையே பெரிய பிரெஸ்பா தன் பரப்பில் சுமார் 7 சதவீதத்தை இழந்திருப்பதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டுகின்றன. கரையோர ஊர்கள் பெரிய வெள்ளைப் பீன்ஸ் பயிரையும், கூழைக்கடாக்களைப் பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகளையும் நம்பி இருக்கின்றன.

அன்று கையெழுத்து முடிந்ததும் தலைவர்கள் ப்சராதெஸில் படகேறி, எதிர்க்கரையில் ஒதேஷெவோ என்ற ஊருக்கு மதிய விருந்துக்குப் போனார்கள். ஊர்க்காரர் ஒருவர் அதே கரைக்குப் போக வேண்டுமானால் அந்த வழி கிடையாது. கரையோரச் சாலையின் சோதனைச் சாவடி பல பத்தாண்டுகள் மூடியே கிடந்தது. திறப்பதென்று இரு அரசுகளும் பேசிய பிறகும் வேலை இழுத்துக்கொண்டே போனது. ஆகவே அவர் முதலில் ஃப்ளோரினாவுக்குப் போய், அங்கே எல்லை கடந்து, பித்தோலா என்று இன்று அழைக்கப்படும் பழைய மொனாஸ்டிர் வழியாக நூறு கிலோமீட்டருக்கும் மேல் மலை சுற்றி வர வேண்டியிருந்தது. ப்சராதெஸ் படகோட்டிகள் பயணிகளை ஏற்றிக்கொண்டு, பாறை முகங்களில் பழைய துறவிகள் தீட்டிய கன்னி மரியாளின் ஓவியங்களைக் காட்டப் போகிறார்கள். தண்ணீரில் எந்தக் கோடும் தெரியாத ஓர் இடத்தில், எங்கே திரும்ப வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. படகைத் திருப்பிக்கொண்டு ஊருக்கு வருகிறார்கள்.